ஒரு கேள்வி வரும் வரைக்கும்

1

இந்த ஐப்பசியோடு நான் கனடாவுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம். இப்படி ஒரு கணக்கு வந்துவிட்டால் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிற எங்கள் ஆட்கள் முதல் பனியில் வழுக்கி விழுந்த கதையை எடுத்துவிடுவார்கள். நானும் விழுந்தேன்தான். அதை விடுவோம். நான் எழுத வந்தது ஒரு படிவத்தைப் பற்றி.

இந்த நாட்டில் நான் நிரப்பாத படிவம் கிடையாது. அகதி விண்ணப்பத்தில் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன். அதன் பிறகு மூன்று வருடமாக அரசாங்கக் கடிதமெல்லாம் 'திருவாளர் கந்தையா' என்றுதான் வந்தது. என் அப்பா கந்தையா நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டவர். அவருக்குத் தடுப்பூசி போட வரச்சொல்லிக்கூட ஒரு கடிதம் வந்தது. அந்தப் பெயரைத் திருத்த இன்னும் நாலு படிவம் நிரப்பினேன். சிவநேசன் என்ற நான்தான் சிவநேசன் என்று ஒரு சட்டத்தரணிக்கு முன்னால் சத்தியம் செய்தேன்.

அப்படிப்பட்ட எனக்கு, பொய்ப் பெயர் சொல்லும்படி கேட்கும் படிவம் ஒன்று போன வருடம் வந்தது.

என் மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சமூகவியல் படிக்கிறாள். படிப்பதற்கு வசதி என்று சொல்லி நகரத்தில் அறை எடுத்துப் போய்விட்டாள். நாங்கள் இருக்கும் பிறம்ரனில் இருந்து ஒன்றரை மணித்தியாலப் பயணம் என்றால் எவருக்கும் அலுக்கும்தான். ஆனால் வீட்டுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு போயின. ஒரு ஞாயிறு வந்தவள் தனக்கு வகுப்பு எடுக்கும் மதுராவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மதுரா கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளை. ஊரில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துவிட்டு இங்கே வந்து வேறு வேலை செய்கிறவர்களைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள்.

"அப்பா, யூ டிட் சோஷியோலொஜி, றைற்?" என்றாள் ஆரணி.

"நீ படிக்கிறதைத்தான் நான் அங்கை படிப்பிச்சனான். பத்து வயசிலேயே உனக்குச் சொன்னனான்."

"ஓ. நான் நினைச்சன் அது சும்மா அப்பாஸ் சொல்லுறது எண்டு."

மகளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பொருட்களை ஏற்றி இறக்கும் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற மனுசன் ஒரு காலத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் என்று அவள் எப்படி நம்புவாள்? நான் சொல்லாமல் விட்டதுதான் எத்தனையோ.

படிவம் எட்டுப் பக்கம். ஏழாம் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. ஆய்வில் உங்களை எந்தப் பெயரால் குறிப்பிடுவது என்று கேட்டிருந்தது.

"உங்கட உண்மையான பெயர் ஒரு இடத்திலையும் வராது அங்கிள். நான் போட்டால் எல்லாரையும் குமார் எண்டு போட்டிடுவன்," என்று மதுரா சிரித்தாள். "நீங்களே ஒண்டு சொல்லுங்கோ."

நான் யோசிக்கவே இல்லை. "அமலதாசன்" என்று எழுதினேன்.

2

அமலதாசன் மன்னார்ப் பெடியன். கத்தோலிக்கன். யாழ்ப்பாணக் கம்பசில் என்னோடு படித்து, என்னோடே தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தவன். தற்காலிகம் என்றால், சம்பளம் எப்போது வரும் என்று பதிவாளருக்கும் தெரியாது.

அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, புத்தகம் அச்சிடக் கடதாசி இல்லை. வகுப்பு நடக்கிற நாளைவிட நடக்காத நாள் அதிகம். மாணவர்கள் தங்கள் தங்கள் ஊர்களில் அடைந்து கிடந்தார்கள். அமலதாசன்தான் சொன்னான், அவர்கள் வரமுடியாவிட்டால் நாங்கள் போவோம் என்று. அப்படித் தொடங்கியது புதன்கிழமைப் பேச்சு. ஒவ்வொரு புதனும் பின்னேரம் மூன்று மணிக்கு ஏதாவது ஒரு பாடசாலை மண்டபத்தில், அல்லது கோயில் மடத்தில், ஒரு பேச்சு. ஒரு புதன் நான், மறு புதன் அவன். பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று தொடங்கியது, ஆனால் யாரும் வரலாம். வாழைக்குலை விற்கப் போன ஒருவர் சைக்கிளை வெளியே சாத்திவிட்டு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் உண்டு. சீதனம் ஏன் கூடுகிறது, ஊருக்குள் வதந்தி எப்படி நடக்கிறது, இடம்பெயர்ந்தவர்கள் ஏன் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பைக் கொண்டு திரிகிறார்கள், இவைதான் தலைப்புகள். அமலன் வெள்ளைக்காரப் பேராசிரியர்களின் பெயரே சொல்லமாட்டான். நான் சொன்னால் முழங்கையால் இடிப்பான்.

அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. பேச்சு முடிந்ததும் பேசியவன் கதிரையில் இருக்கக்கூடாது. சபையில் இருந்து ஒரு கேள்வியாவது வரவேண்டும். அதுவரைக்கும் நிற்க வேண்டும். "ஒருதரும் ஒண்டும் கேக்கேல்லை எண்டால் நீ ஒருதரோடையும் கதைக்கேல்லை எண்டு அர்த்தம். நில்லு," என்பான். எங்கள் பிள்ளைகள் சபையில் வாய் திறக்கிற பிள்ளைகளா? ஒருமுறை நாவற்குழிப் பக்கம் நான் இருபது நிமிடம் மரம்போல நின்றேன். கடைசியில் ஒரு பெட்டை இரக்கப்பட்டு, "சேர், உங்களுக்குத் தண்ணி வேணுமோ?" என்று கேட்டது. அதையும் கேள்வியாக ஏற்றுக்கொண்டு அமலன் என்னை இருக்கவிட்டான்.

3

மதுராவின் ஒலிப்பதிவுப் பெட்டி சவர்க்காரக் கட்டியளவுதான். அதை எங்கள் சமையலறை மேசையில் வைத்து, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழில், "நீங்கள் இறுதியாக ஆற்றிய விரிவுரை எது?" என்று கேட்டாள். ஆரணி கடைக்குப் போயிருந்தாள். மனைவி வேலை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

முப்பத்தொரு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை அந்தச் சவர்க்காரக் கட்டிக்குச் சொன்னேன்.

அந்தப் புதன் என்னுடைய முறை. தலைப்பு 'வரிசை'. பேச்சுக்கு முதல் நாள் இரண்டு பேர் என் அறைக்கு வந்தார்கள். நாளைக்கு யார் பேசுவது, எந்தப் பாதையால் போவது என்று கேட்டார்கள். தன்மையாகத்தான் கேட்டார்கள். அந்தத் தன்மைதான் பயமாயிருந்தது. யாருடைய ஆட்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலையில் உடம்பு காய்ந்தது. காய்ச்சல் உண்மை. ஆனால் எழும்ப முடியாத காய்ச்சல் இல்லை. அமலன் மத்தியானம் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நீ படு, நான் போறன். உன்ரை குறிப்பைத் தா," என்றான். கொடுத்தேன். வந்துபோன இருவரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் அவன் போகமாட்டான், போகாவிட்டால் நான் போகவேண்டி வரும்.

அவன் போய்ப் பேசினான். கேள்வி வந்தது, இருந்தான், பிள்ளைகளோடு தேத்தண்ணி குடித்தான். ஐந்து மணிக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டவன் வந்து சேரவில்லை. சைக்கிளும் வரவில்லை. இரண்டு மாதத்தில் நான் கொழும்புக்கு ஓடினேன், அங்கிருந்து இங்கே. அவன் வீட்டாரைப் போய்ப் பார்க்கவில்லை. மன்னாருக்குப் பாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதை திறந்தபோது நான் பிறம்ரனில் இருந்தேன்.

இவ்வளவையும் மதுராவுக்கு நான் 'அமலதாசன்' என்ற பெயரில் சொன்னேன் என்பதை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். அதாவது, அமலதாசன் காய்ச்சலென்று படுத்தான், அமலதாசன் ஒரு சிநேகிதனை அனுப்பினான், அமலதாசன் பயத்தில் வாயை மூடிக்கொண்டான். காணாமல் போனவனுக்கு அந்தக் கதையில் பெயரே இல்லை, வெறும் 'சிநேகிதன்'. ஏன் அந்தப் பெயரை எழுதினாய் என்று கேட்டால், அவன் பெயர் ஒரு பெரிய பல்கலைக்கழக மண்டபத்தில் ஒலிக்கட்டுமே என்று நினைத்தேன் என்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. இன்னொருவன் பெயரில் சொல்லும்போது வாய் தடக்கவில்லை.

4

இந்த மார்ச் மாதம் மதுரா தன் ஆய்வைப் பொதுவிரிவுரையாக நிகழ்த்தினாள். மாணவர்களுக்கான சமூக விஞ்ஞான விரிவுரைத் தொடர், பொதுமக்களும் வரலாம். ஆரணி என்னை வரச்சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பினாள், கூடவே 'ப்ளீஸ் டோன்ட் வெயார் தி வேர்க் ஜக்கற்' என்று ஒரு வரி. பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

படிப்படியாக இறங்கும் மண்டபம். மேல்வரிசைகளில் மாணவர்கள் மடிக்கணினியைத் திறந்தபடி இருந்தார்கள். வரவுத்தாளில் பெயர் எழுதினால் பாடத்துக்கு இரண்டு புள்ளி என்று ஆரணி சொன்னாள். முன்வரிசையில் ஏழெட்டுத் தமிழ் முதியவர்கள், தொப்பியும் கம்பளிக் கழுத்துச்சால்வையும் கழற்றாமல். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் அவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறவர் கூட்டி வந்திருந்தார். இடைவேளையில் தேத்தண்ணியும் ரோல்ஸும் உண்டு என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

மதுரா ஆங்கிலத்தில் பேசினாள். ஆனால் ஆட்கள் சொன்னவற்றைத் திரையில் தமிழிலேயே போட்டாள். என் சமையலறை மேசையில் நான் சொன்ன சொற்கள் ஆளுயரத்துக்கு எழும்பி நின்றன. மேலே 'அமலதாசன்' என்று தடித்த எழுத்தில். காய்ச்சல், இரண்டு பேர், குறிப்புத்தாள், பேச்சு முடிந்தால் கேள்வி வரும்வரை இருக்கக்கூடாது என்ற சட்டம், எல்லாம் வந்தது.

ஆரணி என் பக்கம் சாய்ந்து, "அப்பா, இஸ் தற் யூ?" என்றாள்.

"இல்லை," என்றேன். அன்றைக்கும் மறுபடி அவனுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

பேச்சு முடிந்தது. கேள்வி இருக்கிறதா என்று மதுரா கேட்டாள். வழமைபோல ஒருவரும் கை உயர்த்தவில்லை. மடிக்கணினிகள் மூடும் சத்தம் மட்டும் கேட்டது. தலைமை தாங்கிய பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்போது முன்வரிசையில் இருந்து ஒரு அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அறுபத்தைந்து வயது இருக்கும்.

"பிள்ளை, தமிழிலை கேக்கலாமோ?"

"ஓம் அன்ரி, கேளுங்கோ."

"உந்த அமலதாசன் இப்ப எங்கை இருக்கிறான்?"

மதுரா சிரித்தாள். "அது சொல்ல ஏலாது அன்ரி. சொல்லமாட்டம் எண்டு சைன் வைச்சுக் குடுத்திருக்கிறம். அந்தப் பெயரும் உண்மையான பெயர் இல்லை."

"உண்மையான பெயர்தான் பிள்ளை. நான் அவன்ரை அக்கா."

மண்டபத்தில் தமிழ் விளங்கிய பத்துப் பதினைந்து பேரும் அசையவில்லை. விளங்காதவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"பெயர் மட்டுமெண்டால் நான் எழும்பியிருக்கமாட்டன். ஊரிலை எத்தினை அமலதாசன். ஆனா அந்தச் சட்டம் எங்கட வீட்டுச் சட்டம். சின்னனிலை கோப்பை கழுவின கையோடை எங்களை இருத்திவைச்சுப் பேச்சுப் பேசுவான். நாங்கள் ஒரு கேள்வி கேக்கும் மட்டும் இருக்கமாட்டான். அவன்தான் பிள்ளை. கம்பசிலை இருந்து பேச்சுக்குப் போனவன் வரேல்லை எண்டு எங்களுக்குச் சொன்னவை. அது அந்தச் சிநேகிதப் பெடியனை மாறிச் சொல்லிப்போட்டினம். இவன் பயத்திலையும் வெக்கத்திலையும் எங்களுக்கு முகம் காட்டாமல் இருந்திருக்கிறான்."

மதுராவின் முகம் வெளிறிப்போனது. அவள் மண்டபத்தின் எல்லாப் பக்கமும் பார்த்தாள், நான் இருந்த பக்கத்தைத் தவிர.

"நீங்கள் இடம் சொல்ல வேண்டாம்," என்றார் அந்த அம்மா. "அவனிட்டை ஒண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. அவனிலை ஒருதருக்கும் கோவம் இல்லை. பயத்திலை செய்திட்டான். அந்த நேரம் ஆருக்குத்தான் பயம் இல்லை? அந்தப் போன பெடியன்ரை தாய் எங்கை இருந்தாலும் தேடிப்போய், நான் அவன்ரை தமக்கை, என்ரை தம்பியை மன்னியுங்கோ எண்டு காலிலை விழுறன். இவனை வரச்சொல்லுங்கோ. அம்மா கண்ணை மூடினதைச் சொல்லாதேங்கோ, அதை நான் பக்குவமாச் சொல்லுறன்."

போன பெடியனின் தாய் என்று அவர் தேடப்போவது தன்னுடைய தாயைத்தான் என்று அந்த மண்டபத்தில் என் ஒருவனுக்கு மட்டும் தெரியும். முப்பத்தொரு வருடமாக ஒருவராவது சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கிய சொற்கள் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தன. வேறு ஒருவனுக்கு வந்தன. நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பினேன்தான், வாசல் பக்கம் போவதற்கு.

5

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கடதாசி. பல்கலைக்கழகத்தில் ஆய்வு ஒழுக்கத்துக்கென்று ஒரு குழு இருக்கிறது. அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'பங்குபற்றுநர் ஏழுக்கு' என்று தொடங்கியது. நீங்கள் விரும்பினால் ஆய்விலிருந்து விலகலாம், இணைத்துள்ள படிவத்தை நிரப்பவும். திருவாளர் கந்தையாவாக இருந்தேன், அமலதாசனாக இருந்தேன், இப்போது பங்குபற்றுநர் ஏழு. படிவத்தைத் திறக்காமல் வேலைக்குப் போனேன். நாள் முழுக்கப் பெட்டிகளை ஏற்றினேன், இறக்கினேன். கிடங்கில் ஒருவரும் ஒருவரிடமும் கேள்வி கேட்பதில்லை. அந்த வேலை எனக்கு இத்தனை வருடம் பிடித்திருந்ததற்கு அதுதான் காரணமோ என்று முதல்முறையாக யோசித்தேன்.

பிறகு பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே சின்ன உறை. 'என் தம்பி அமலனுக்கு' என்று சரிந்த எழுத்தில் எழுதியிருந்தது. பின்பக்கத்தில் அனுப்பியவரின் முகவரி. நான் உடைக்கவில்லை. சமையலறை அலுமாரிக்கு மேலே வைத்தேன். பத்து நாளில் இன்னொன்று. சித்திரை பிறந்தபோது ஒரு சோடிக் கம்பளிக் கையுறை, கையால் பின்னியது. வெயில் வந்துவிட்டதே என்று மனைவி கேட்டாள். பழைய சிநேகிதனுக்கு என்றேன்.

வைகாசியில் மதுரா தொலைபேசி எடுத்தாள்.

"அங்கிள், நான் உங்களோட கதைக்கவே கூடாது. ஆனா அந்த அக்கா, றோசலின் அன்ரி, ஒவ்வொரு செவ்வாயும் வந்து எங்கட லொபியிலை இருக்கிறா. ஏலாத காலோட பஸ் எடுத்து வாறா. தம்பி திரும்ப இன்ரர்வியூவுக்கு வந்தால் காணலாம் எண்டு. செக்யூரிற்றி எழுப்பினால் வெளியிலை வாங்கிலை இருக்கிறா. ஐ டோன்ட் நோ வட் ரு டூ."

அந்த ஞாயிறு றோசலின் அக்கா வீட்டுக்குப் போக ஆரணியை வரச்சொல்லி அவளுடைய காரில் ஏறினேன். பெருந்தெருவில் நெரிசல், கார் ஊர்ந்தது. அது நல்லதாய்ப் போயிற்று, முழுக்கச் சொல்லி முடிக்க நேரம் கிடைத்தது. அவள் இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் லெக்சர்லை கேட்டனான். நீங்கள் நோ எண்டு சொன்னீங்கள்," என்றாள்.

"ஓம்."

"நான் உங்களை ஒண்டும் கேக்கிறேல்லை எண்டு அம்மாட்டைக் குறை சொல்லுறனீங்கள். ஐ ஆஸ்க்ட், அப்பா. ஒரேயொரு தரம் கேட்டன்."

கொஞ்சத் தூரம் போனபின் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தினையாம் மாடி?" என்று கேட்டாள்.

6

பதினாலாம் மாடி. ஆரணி கீழே காரில் இருந்தாள். நான் வந்த புதிதில் இதே கட்டடக் கூட்டத்தில்தான் ஆறு பேரோடு ஒரு அறையில் இருந்தேன். மின்தூக்கி அன்றுபோலவே ஒன்றுதான் வேலை செய்தது.

றோசலின் அக்கா கதவைத் திறந்தார். வெளிச்சத்துக்கு எதிராக நின்றதால் என் முகத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். என் கையில் இருந்த உறைகளைக் கண்டதும் கதவை அகலத் திறந்தார்.

"யூனிவர்சிற்றியிலை இருந்தோ? உள்ளை வாங்கோ, வாங்கோ. இருங்கோ."

நான் இருக்கவில்லை. சிறிய வீடு. சுவரில் மாதா படம், அதன் கீழே தாயின் படம். சோபாவில் புதுத் தலையணை ஒன்று, கடையில் சுற்றித் தந்த பிளாஸ்ரிக் உறையோடு. யாருக்கு வாங்கியது என்று கேட்கத் தேவையில்லை.

உறைகளையும் கையுறையையும் நீட்டினேன். அவர் திருப்பிப் பார்த்தார்.

"உடைக்கவும் இல்லையோ?" என்றார். "அவ்வளவு கோவமோ எங்களிலை?"

"அக்கா, அது அவனுக்குப் போய்ச் சேரேல்லை. அவனுக்கு ஒரு நாளும் போய்ச் சேராது."

பிறகு எல்லாம் சொன்னேன். என் பெயர் சிவநேசன். பேச்சு என்னுடையது. காய்ச்சல் என்னுடையது. பயம் என்னுடையது. அந்த இரண்டு பேரும் என்னிடம் வந்தவர்கள். பெயர் மட்டும்தான் அவனுடையது, அதையும் நான் கேளாமல் எடுத்தேன். போனவன் உங்கள் தம்பிதான். உங்களுக்கு முதலில் சொன்னதுதான் சரி, ஒருவரும் மாறிச் சொல்லவில்லை.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் தலையணையை எடுத்து மடியில் வைத்து அதன் பிளாஸ்ரிக்கைத் தடவிக்கொண்டிருந்தார். கீழே எங்கோ ஒரு பிள்ளை பந்தைச் சுவரில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கு அந்த மண்டபத்திலை நான் சொன்னது அவனுக்கு," என்றார். "உமக்கில்லை."

"தெரியும் அக்கா."

"என்னை அக்கா எண்டாதையும்."

"சரி."

"இரண்டு மாசம்," என்றார். "இரண்டு மாசம் என்ரை தம்பி உயிரோட இருந்தவன். பூசைக்குக் காசு குடுத்தன். அவனுக்குப் பிடிச்ச பாரை மீன் வாங்கிக் குளிரூட்டியிலை வைச்சிருக்கிறன். முப்பது வருசத்திலை எனக்கு நல்லா நித்திரை வந்தது இந்த இரண்டு மாசம்தான். இப்ப நீர் வந்து அவனை எனக்குத் திரும்பக் கொல்லுறீர்."

உண்மைதான். முதல்முறை நான் வாய் திறக்காததால் போனான். இரண்டாம் முறை வாய் திறந்ததால். அங்கே நின்றபடி, வராமலே இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். பிறகு அந்த வெளி வாங்கையும் செவ்வாய்க்கிழமைகளையும் நினைத்தேன். கதவுப் பக்கம் திரும்பினேன்.

"நில்லும். அண்டைக்கு அவன் என்ன பேசினவன்?"

திரும்பி நின்றேன்.

"கடைசியா வாய் திறந்து என்ன பேசினவன் எண்டு எங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லை. அம்மா சாகும் மட்டும் கேட்டவ. உம்மடை குறிப்பைத்தானே கொண்டு போனவன். உமக்குத் தெரியும்தானே? சொல்லும்."

முப்பத்திரண்டு வருடமாக நான் ஒரு சபைக்கு முன்னால் நின்றதில்லை. காலுறையோடு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஒரேயொருவருக்கு முன்னால் நின்று தொடங்கினேன். குறிப்பில் ஒரு வரியும் மறந்திருக்கவில்லை.

"நாளைக்குக் கூட்டுறவுச் சங்கக்கடைப் பக்கம் போனால் மண்ணெண்ணெய் வரிசையைப் பாருங்கள். ஆளில்லாத இடத்தில் ஒரு கல் இருக்கும். உடைந்த போத்தல் இருக்கும். ஒரு செருப்பு இருக்கும். வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனவள் வைத்துவிட்டுப் போனது. அது யாருடைய கல் என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியும். வரிசை நகரும்போது அவர் தன் காலால் அந்தக் கல்லையும் தள்ளிக்கொண்டு போவார். அப்படிச் செய்யச் சொல்லி எந்த அரசாங்கமும் சட்டம் போடவில்லை. அவருக்கு அதில் ஒரு துளி எண்ணெயும் கூடக் கிடைக்காது. பிறகு ஏன் தள்ளுகிறார்? வந்திருக்கும் மாணவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். சமூகம், சமூகம் என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதை நான் கண்ணால் கண்ட இடம் அந்த வரிசைதான்..."

இருபத்தைந்து நிமிடப் பேச்சு. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தொடர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள்ளே இருந்து வேறொரு குரல் வருவதைப் போல. அவன் சிரித்திருக்கக்கூடிய இடத்தில் அவர் ஒருமுறை மெல்லத் தலையை ஆட்டினார்.

முடித்தேன். வணக்கம் சொன்னேன். நின்றேன்.

பந்தடிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. கால் கடுத்தது. அந்தச் சட்டம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அசையவில்லை.

கனநேரத்துக்குப் பிறகு அவர் கேட்டார்.

"அவன் சாப்பிட்டிட்டோ போனவன்?"

"ஓம். எனக்கு வந்த சாப்பாட்டை நான் தொடேல்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அவன்தான் சாப்பிட்டவன். கையைக் கழுவிப்போட்டு, குழம்பு நல்லாயிருந்தது எண்டு சொல்லிப்போட்டுத்தான் சைக்கிள் எடுத்தவன்."

அவர் அப்போதுதான் அழத் தொடங்கினார். தலையணையில் முகத்தை வைத்து, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார். நான் நின்றேன். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, எதிரே இருந்த கதிரையைக் கையால் காட்டினார்.

"இரும்," என்றார்.

இருந்தேன்.